முதல் நாள் டெம்பரேச்சரை வைத்துக் கூலன்டை எடை போடாதீர்கள்

கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் போட்டவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். தண்ணீரை வடித்துவிட்டு வேறு எதையாவது ஊற்றிப் பார்த்தால் என்ன? கார் கூலன்ட் ஊற்றியவர்கள் இருக்கிறார்கள், வோட்கா ஊற்றியவர்கள் இருக்கிறார்கள், மினரல் ஆயில், நானோ துகள் கலந்த திரவம், திரவ உலோகம் வரை போனவர்களும் உண்டு. ஒரு மணி நேரம் லோடு கொடுத்து ஓடவிட்டு, இரண்டு டிகிரி குறைந்தது, மூன்று டிகிரி ஏறியது என்று ஒரு வரைபடம் போட்டு முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு டிகிரி பெரும்பாலும் கூலன்டால், அதாவது உள்ளே ஓடும் திரவத்தால், வந்ததே இல்லை. கூலன்ட் தன் குணத்தைக் காட்டுவது ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, சிப்பின் மேல் உட்கார்ந்து வெப்பத்தை வாங்கும் செம்புப் பிளாக்கைக் கழற்றிப் பார்க்கும்போதுதான், அதைப் பெரும்பாலான சோதனைகள் அளப்பதே இல்லை.

முதலில் வெப்பம் எங்கே சிக்கிக்கொள்கிறது என்று பார்ப்போம். சிப்பில் கிளம்பும் வெப்பம் அதன் மேல் மூடி, தெர்மல் பேஸ்ட், பிளாக்கின் செம்பு அடித்தட்டு, செம்புத் துடுப்புகள் எல்லாவற்றையும் தாண்டிக் கூலன்டுக்கு வருகிறது, அங்கிருந்து ரேடியேட்டர் வழியாகக் காற்றுக்குப் போகிறது. இந்த வழியில் கூலன்டுக்கு வேலை இருப்பது மூன்று இடங்களில்: துடுப்பிலிருந்து வெப்பத்தை வாங்குவது, சுமந்து போவது, ரேடியேட்டர் குழாயின் உட்சுவரில் இறக்கிவிடுவது. மீதியெல்லாம் திடப்பொருளும் காற்றும். சிப்புக்கும் அறைக் காற்றுக்கும் இடையே 45 டிகிரி வித்தியாசம் இருந்தால் அதில் பெரிய பங்கு சிப், மூடி, பேஸ்ட் ஆகியவற்றிலேயே போய்விடும், இன்னொரு பங்கு ரேடியேட்டர் தகடுக்கும் காற்றுக்கும் நடுவில் போய்விடும். இவை இரண்டையும் தொடாமல் கூலன்டை மட்டும் மாற்றிப் பெரிய மாற்றத்தை எதிர்பார்ப்பது, வண்டலூரில் நெரிசலை வைத்துக்கொண்டு திண்டிவனத்தில் சாலையை அகலப்படுத்துகிற கதைதான்.

கணக்கு போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். தண்ணீரின் தன் வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிராமுக்கு, ஒரு டிகிரிக்கு 4.18 ஜூல். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடுகிற ஒரு லூப்பில், அதாவது பம்ப், பிளாக், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்த மூடிய சுற்றில், ஒரு நொடிக்குச் சுமார் 67 கிராம் தண்ணீர் பிளாக்கைக் கடக்கிறது. 300 வாட் வெப்பம் ஏறினால், உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் வெறும் 1.1 டிகிரிதான். சரி, வெப்பத்தைச் சுமக்கும் திறன் இதில் பாதிதான் இருக்கிற ஒரு திரவத்தை அதே வேகத்தில் ஓட்டினால்? 2.2 டிகிரி ஆகும், அவ்வளவுதான். தண்ணீரை விட அதிகம் சுமக்கும் திரவமும் இல்லாமல் இல்லை. திரவ அம்மோனியாவின் வெப்ப ஏற்புத்திறன் தண்ணீரை விடச் சற்று அதிகம், சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறக் குளிர்விப்புச் சுற்றில் அதுதான் ஓடுகிறது. உள்ளே மனிதர்கள் இருக்கும் பகுதியில் அவர்களும் தண்ணீர்தான் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள், அம்மோனியா கசிந்தால் மூச்சு விட முடியாது.

ஆக, சுமக்கும் திறன் இங்கே முக்கியமில்லை. வெப்பக் கடத்துதிறனும் பாகுத்தன்மையும்தான் முக்கியம். நல்ல பிளாக்குகளில் துடுப்புகளுக்கு இடையே உள்ள சந்து கால் மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அவ்வளவு குறுகலான இடத்தில் திரவம் கொந்தளித்து ஓடாது, அடுக்கடுக்காக வழுக்கிக்கொண்டு போகும். அப்போது வெப்பம் துடுப்பிலிருந்து சந்தின் நடுவே இருக்கும் திரவத்துக்குப் போய்ச் சேர, அந்தத் திரவமே வெப்பத்தைக் கடத்தினால்தான் உண்டு. தண்ணீரின் கடத்துதிறன் மீட்டர்-டிகிரிக்குச் சுமார் 0.6 வாட். கார் கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலுக்கு 0.25, அதன் உறவான புரொப்பிலீன் கிளைக்காலுக்கு 0.2, மதுவில் இருக்கும் எத்தனாலுக்கு 0.17, மினரல் ஆயிலுக்கு 0.13 அளவில். சாதாரணமாகக் கைக்குக் கிடைக்கும் திரவங்களில் தண்ணீருக்குப் பக்கத்தில்கூட எதுவும் வரவில்லை. தண்ணீரோடு கலந்தால் கலவையின் எண் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். கால் பங்கு புரொப்பிலீன் கிளைக்கால் கலந்தால் கடத்துதிறன் ஐந்தில் ஒரு பங்கு குறையும், பாகுத்தன்மை இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் போகும். துடுப்புக்கும் கூலன்டுக்கும் இடையே தண்ணீரில் 6 டிகிரி வித்தியாசம் இருந்த இடத்தில் இப்போது ஏழோ ஏழரையோ இருக்கும். கிளைக்கால் கூலன்டால் ஓரிரு டிகிரி ஏறும் என்று சொல்வது இந்த அளவைத்தான்.

வோட்கா விஷயம் சுவாரசியமானது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 25 டிகிரியில் தண்ணீரின் பாகுத்தன்மை 0.89 மில்லிபாஸ்கல்-நொடி, சுத்தமான எத்தனாலுக்கு 1.07. இரண்டையும் கலந்தால் ஒன்றை ஒட்டி ஏதோ ஓர் எண் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. எடையில் நாற்பது சதவீதம் எத்தனால் இருக்கிற கலவையில் அது 2.4-ஐ நெருங்குகிறது, அதாவது இரண்டில் எதை எடுத்தாலும் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். தண்ணீர் மூலக்கூறும் எத்தனால் மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். வோட்காவில் 40 என்று போட்டிருப்பது கன அளவுக் கணக்கு, எடையில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு வரும், அதுவும் அந்த உச்சத்துக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. அதனால் வோட்கா ஊற்றிய லூப்பில் ஓட்டம் குறையும், கடத்துதிறனும் குறையும், சூடு ஏறும். அது போக, 40 சதவீத மதுவின் மேல் நிற்கும் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை சுமார் 26 டிகிரி. சென்னையில் மே மாதத்து அறையே அதைத் தாண்டிவிடும், லோடில் இருக்கும் கூலன்டோ அறையை விடப் பத்து டிகிரி கூடுதலாக இருக்கும். மூடிய லூப்பில் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் ஆல்கஹால் அக்ரிலிக்கைச் சும்மா விடாது. திருகு இறுக்கிய இடங்களில், அழுத்தம் நிற்கிற மூலைகளில், மெல்லிய மயிரிழை விரிசல்கள் வலைபோலப் படரும், அதன் பிறகு கூலன்ட் நிற்கும் அக்ரிலிக் தொட்டியான ரிசர்வாயர் என்றைக்குப் பிளக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மினரல் ஆயில் வேறு வகை. கம்ப்யூட்டரையே எண்ணெய்த் தொட்டியில் முக்கி வைப்பவர்கள் அதைப் பயன்படுத்துவதற்குக் காரணம் அது மின்சாரம் கடத்தாது என்பதுதான், குளிர்விப்பதில் கெட்டிக்காரன் என்பதற்காக இல்லை. லூப்பில் ஊற்றினால் பம்ப் திணறும். வாட்டர் கூலிங்கில் பரவலான டி5 மாதிரியான பம்ப்களில் தாங்கியை உராய்வில்லாமல் வைத்திருப்பதும் உள்ளே ஓடும் திரவமேதான், தண்ணீர் போன்ற திரவத்தை மனதில் வைத்துச் செய்த பொருளில் பிசுபிசுப்பான எண்ணெயை ஓட்டினால் நாலு மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் அழுத்தமெல்லாம் உராய்விலேயே கரைந்துவிடும். மின்கடத்தாத் திரவங்களில் ராஜா என்றால் 3எம் நிறுவனத்தின் ஃப்ளூரினெர்ட். 1985-ல் வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட் பலகைகள் அதில் மூழ்கியே கிடந்தன. ஆனால் அதன் கடத்துதிறன் 0.06 அளவுதான், தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு. விலையும் கண்ணைக் கட்டும். அந்த வகை ஃப்ளூரின் வேதிப்பொருட்களின் உற்பத்தியை 2025 முடிவுக்குள் நிறுத்திக்கொள்வதாக 3எம் 2022 டிசம்பரில் அறிவித்தது, ஆக அந்தக் கதவும் மூடியாயிற்று.

திரவ உலோகம் இதற்கு நேர் எதிர். காலியம், இண்டியம், வெள்ளீயம் சேர்ந்த கலவையின் கடத்துதிறன் 16 வாட்டுக்கு மேல், தண்ணீரைப் போல 27 மடங்கு. சந்தில் வெப்பம் வாங்கும் பிரச்சினையே இருக்காது. ஆனால் ஒரு லிட்டர் ஆறரைக் கிலோ எடை, ஒரு லிட்டர் சுமக்கும் வெப்பம் தண்ணீர் சுமப்பதில் பாதிகூட இல்லை, அலுமினியத்தைத் தொட்டால் அரித்துப் பொடியாக்கிவிடும். டென்மார்க்கின் டனாமிக்ஸ் நிறுவனம் சோடியம்-பொட்டாசியம் கலவையை மின்காந்தப் பம்ப் வைத்து ஓட்டும் ஒரு கூலரை விற்றுப் பார்த்தது. நல்ல காற்றுக் கூலர்களை ஒட்டியே வேலை செய்தது, விலைதான் எங்கோ போய் நின்றது, எடுபடவில்லை. திரவ உலோகத்துக்கு உண்மையான இடம் கல்பாக்கம் மாதிரி இடங்கள். அங்கே 1985-லிருந்து இயங்கும் வேக ஈனுலைச் சோதனை உலையில் திரவ சோடியம்தான் குளிர்விப்பான், ஏனென்றால் சிறிய இடத்தில் பெரும் வெப்பத்தை அள்ள வேண்டும், தண்ணீர் போல நியூட்ரான்களின் வேகத்தையும் குறைத்துவிடக் கூடாது. உங்கள் மேசைக்கு அடியில் அந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

நானோ திரவத்தின் கதை கொஞ்சம் வேடிக்கை. 1995-ல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ஸ்டீஃபன் சோய் அந்தப் பெயரை வைத்தார். தண்ணீரில் உலோக ஆக்சைடு துகள்களைத் துளி கலந்தாலே கடத்துதிறன் எதிர்பார்த்ததை விட மிக அதிகமாக ஏறுகிறது என்று கட்டுரைகள் குவிந்தன, சென்னை ஐஐடியிலும் இதில் நிறைய வேலை நடந்தது. அப்புறம் உலகம் முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள் ஒரே மாதிரிகளைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றின் முடிவு மற்றதற்குத் தெரியாமல் அளந்தன. 2009-ல் முடிவு வெளியானது: அதிசய ஏற்றம் எதுவும் இல்லை, பழைய கோட்பாடு சொல்லும் அளவுதான் ஏறுகிறது. அந்தச் சிறு ஏற்றத்தையும், துகள் சேர்வதால் கூடும் பாகுத்தன்மை தின்றுவிடும். பால் மாதிரி வெள்ளையாகவும், மின்னும் முத்து மாதிரியும் இன்று விற்கும் கூலன்டுகளும் துகள் கலவைகளே. அவை கண்ணுக்காகச் செய்தவை. மிகவும் பகட்டான சில வகைகளைப் படப்பிடிப்புக்கும் கண்காட்சிக்கும் மட்டும் பயன்படுத்துங்கள் என்று தயாரித்தவர்களே சொல்லிவிடுகிறார்கள். வாங்குபவர்கள் அதைப் படிப்பதில்லை.

இப்போது சோதனை முறைக்கு வருவோம். ஒரு திரவத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே ஓரிரு டிகிரி என்றால், அளக்கும் முறையில் இருக்கும் பிழை அதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். வீட்டில் செய்யும் சோதனைகளில் பெரும்பாலும் அது நடப்பதில்லை. பிளாக்கைக் கழற்றிப் பேஸ்ட்டைத் துடைத்து மறுபடி பூசினாலே ஓரிரு டிகிரி மாறும். பல ப்ராசஸர்களின் உள்ளே இருக்கும் சென்சார் முழு டிகிரியாகத்தான் எண்ணைக் கொடுக்கும். வாட்டர் கூலிங்காரர்கள் பரவலாக வாங்கிப் போடும் டிஎஸ்18பி20 சென்சாருக்குத் தயாரிப்பாளர் உத்தரவாதம் கொடுப்பதே அரை டிகிரி கூடக் குறைய என்றுதான். காலையில் ஒரு கூலன்ட், மதியம் இன்னொன்று என்று பார்த்தால் அறைச் சூடே நாலு டிகிரி ஏறியிருக்கும். இன்றைய ப்ராசஸர்கள் குளிர்ச்சி கிடைத்தால் தாங்களே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் என்பதை வேறு பலர் மறந்துவிடுகிறார்கள், நல்ல கூலன்ட் ஊற்றியும் சூடு குறையாமல் வேகம் மட்டும் ஏறியிருக்கும்.

ஓரளவாவது நம்பும்படி அளக்க வேண்டும் என்றால், பிளாக்கைத் தொடாமல் திரவத்தை மட்டும் வடித்து மாற்ற வேண்டும், ப்ராசஸரின் வேகத்தையும் வோல்டேஜையும் பூட்டி வைக்க வேண்டும், விசிறியையும் பம்பையும் ஒரே வேகத்தில் நிறுத்த வேண்டும். ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையைப் பக்கத்திலேயே ஒரு சென்சார் வைத்துக் குறித்துக்கொண்டு அதைக் கழித்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். லூப் முழுக்கச் சூடேறி நிலைபெற அரை மணி நேரமாவது விட வேண்டும், காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறியிருக்க வேண்டும். ஓட்டத்தை அளக்கும் மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சூடு ஏறியது திரவத்தின் கடத்துதிறனாலா, பம்ப் திணறியதாலா என்று பிரித்தறிய வழியில்லை. கடைசியில் மறுபடி பழைய தண்ணீரையே ஊற்றி முதல் எண் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை, என்னைக் கேட்டால் இதைச் செய்யாத எந்தச் சோதனையின் இரண்டு டிகிரியையும் நான் நம்ப மாட்டேன்.

இவ்வளவும் செய்து கிடைப்பது முதல் நாள் எண். பிறகு ஆரம்பிப்பதுதான் அசல் கதை.

சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணீர் மின்சாரத்தைக் கிட்டத்தட்டக் கடத்தாது. லூப்பில் ஊற்றிய சில நாட்களிலேயே செம்பு, நிக்கல், ரேடியேட்டரைப் பற்றவைத்தபோது பூசி ஒட்டியிருந்த சால்டரிங் ஃபிளக்ஸ் என்று எல்லாவற்றிலிருந்தும் அயனிகளை இழுத்துக்கொண்டு கடத்த ஆரம்பித்துவிடும். மின்கடத்தாக் கூலன்ட் என்று போட்டு விற்கும் பெரும்பாலான புட்டிகளும் தண்ணீரை அடிப்படையாகக் கொண்டவைதான், புட்டியைத் திறக்கும் நாளைக்குத்தான் அந்த வாக்குறுதி. ஆர்ஓ மெக்கானிக் சட்டைப் பையில் வைத்திருப்பாரே, தண்ணீரில் கரைந்திருப்பதன் அளவைக் காட்டும் அந்த டிடிஎஸ் பேனா இதற்குப் போதும். ஊற்றும் நாளில் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை ரிசர்வாயரிலிருந்து கொஞ்சம் எடுத்து முக்கிப் பாருங்கள். எண் திடீரென்று வேகமாக ஏறினால் உள்ளே ஏதோ உலோகம் கரைகிறது என்று அர்த்தம். பிஹெச் தாளும் மலிவான விஷயம்தான், அமிலப் பக்கம் சாய்கிறதா என்று சொல்லிவிடும். தண்ணீர் என்றதும் வீட்டு போர்வெல் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ நினைக்காதீர்கள், அதில் உள்ள கால்சியமும் குளோரைடும் சூடான செம்பில் படிந்தும் அரித்தும் வேலை காட்டும். இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைப் பலர் பயன்படுத்துகிறார்கள், நல்ல கம்பெனியுடையதாக இருந்து டிடிஎஸ் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் தப்பில்லை.

செம்பும் அலுமினியமும் ஒரே லூப்பில் இருந்தால் கதை வேறு. இரண்டுக்கும் மின்வேதி நிலையில் இருக்கிற வித்தியாசம் பெரியது, நடுவே அயனிகள் உள்ள தண்ணீர் ஓடினால் அது ஒரு பேட்டரி ஆகிவிடும், அலுமினியம் கரையும். கடையில் கிடைக்கும் சீல் செய்த ஆல்-இன்-ஒன் கூலர்களில் பெரும்பாலும் செம்பு பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும்தான் இருக்கின்றன, அவை பல வருடம் தாங்குவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் கிளைக்காலும் அரிப்புத் தடுப்பானும். அதைத் திறந்து வெறும் தண்ணீர் நிரப்புகிறவர்கள் அந்தப் பாதுகாப்பைக் கையால் துடைத்தெறிகிறார்கள்.

கார் கூலன்டின் பலமும் இந்தத் தடுப்பான்கள்தான். ஜெர்மனியில் கிளைசான்டின் ஜி48 என்ற கார் கூலன்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஓட்டுவது வெகு காலமாக இருக்கும் வழக்கம். ஆனால் அந்தச் சரக்கு மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கலக்கும் கணக்கில் செய்தது. சூடு ஏறக்கூடாது என்று பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று என்று நீர்த்தால் தடுப்பானும் அதே விகிதத்தில் குறைந்துவிடும். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கிளைக்கால் நிறைய இருந்தால் பாக்டீரியா வளராது, கொஞ்சமாக இருந்தால் பாக்டீரியாவுக்கு அதுவே சாப்பாடு. டேட்டா சென்டர்களில் சிப்பின் மேல் நேரடியாக ஓட்டும் கூலன்டாக 25 சதவீதப் புரொப்பிலீன் கிளைக்கால் கலவை பரவலாகியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவர்களுக்கு வெறும் தண்ணீர் இன்னும் நன்றாகக் குளிர்விக்கும் என்பது தெரியாததா? ஓரிரு டிகிரியை விட்டுக்கொடுத்து, வருடக் கணக்கில் சந்து அடைக்காமல் இருப்பதை வாங்கிக்கொள்கிறார்கள். எத்திலீன் இல்லாமல் புரொப்பிலீனை எடுப்பதற்குக் காரணம் நச்சு. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், கசிந்து தரையில் கிடந்தால் நாயோ பூனையோ நக்கிவிட்டுச் செத்துப்போகும், குழந்தைகள் உள்ள வீட்டில் அதை நான் வைக்கவே மாட்டேன்.

அடைப்பு என்றதும் பலர் பாசியை நினைக்கிறார்கள். பிளாக்கைத் திறந்தால் துடுப்புகளின் நடுவே வெளிறிய, மெழுகு மாதிரியான ஒரு படிவு இருக்கும், அது பெரும்பாலும் பாசி இல்லை. வளையும் பிவிசி டியூபை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூலன்டில் கரைந்து வந்து, இருப்பதிலேயே குறுகலான இடத்தில், அதாவது அந்தக் கால் மில்லிமீட்டர் சந்தில், ஒதுங்கியது. எந்தத் திரவம் டியூபிலிருந்து இதை அதிகம் இழுக்கிறது என்பது ஒரு மணி நேரச் சோதனையில் தெரியவே தெரியாது. ஈபிடிஎம் ரப்பர் டியூபுக்கு மாறினால் இந்தத் தொல்லை கிட்டத்தட்டப் போய்விடும், கறுப்பாக இருக்கும், உள்ளே ஓடுவது தெரியாது, கலர் கூலன்ட் பிரியர்களுக்கு அதனாலேயே பிடிக்காது.

கார் கூலன்ட் துறையில் இதற்கெல்லாம் ஒரு பழைய முறை உண்டு, ஏஎஸ்டிஎம் டி1384 என்று பெயர். செம்பு, சால்டர், பித்தளை, எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் சிறு தகடுகளை எடைபோட்டு, கண்ணாடிக் குடுவையில் கூலன்டுக்குள் தொங்கவிட்டு, 88 டிகிரியில் காற்றுக் குமிழி விட்டபடி 336 மணி நேரம், அதாவது இரண்டு வாரம், வைத்திருந்து மறுபடி எடைபோடுவார்கள். குறைந்த எடைதான் மதிப்பெண். புதிதாக ஒரு திரவத்தைச் சோதிக்க நினைப்பவர் லூப்பில் ஊற்றுவதற்கு முன் இதன் ஏழை வடிவத்தை வீட்டிலேயே செய்யலாம். மூடி இறுக்கமான கண்ணாடி ஜாடிகள் இரண்டு. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் புதுத் திரவம். இரண்டிலும் லூப்பில் இருக்கும் அதே பொருட்கள்: ஒரு செம்புத் துண்டு, நிக்கல் பூசிய பழைய ஃபிட்டிங், இறுக்கமாகத் திருகு போட்ட அக்ரிலிக் துண்டு, ஒரு ஓ-ரிங், டியூபில் ஓர் அங்குலம். வெயில் படாத சூடான இடத்தில், ரவுட்டருக்கு மேலேயோ ஃபிரிட்ஜுக்குப் பின்னாலேயோ, இரண்டு மாதம் விடுங்கள். எரியும் ஆவி விடுகிற திரவம் எதையும் மட்டும் அங்கே வைக்காதீர்கள். இரண்டு மாதம் கழித்து ஓ-ரிங் ஊதியிருக்கிறதா, அக்ரிலிக்கில் விரிசல் வந்திருக்கிறதா, செம்பு பச்சை பூத்திருக்கிறதா, அடியில் என்ன வண்டல் நிற்கிறது, டிடிஎஸ் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு லூப்பில் ஊற்றலாமா என்று யோசிக்கலாம்.